ஒரு பழைய ஆங்கில நகரத்தின் சத்திரம், ஆலை, சாலை: வரலாறு தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு ஊரின் பழைய கதையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தேவாலயத்தில் ஆரம்பிப்பார்கள். நான் சாலையில் ஆரம்பிக்கச் சொல்வேன். சத்திரம் எங்கே இருந்தது என்பதைச் சாலைதான் தீர்மானித்தது. சாலை இடம் மாறினால் சத்திரமும் விழுந்தது. அதனால் சாலை பிடிபட்டுவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகக் கைக்கு வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்கு வடமேற்கே ஏறக்குறைய 20 மைல். ரோமானியர்கள் போட்ட வாட்லிங் ஸ்ட்ரீட் என்ற நெடுஞ்சாலை, வெர் என்ற சிற்றாறு, கிறிஸ்தவத் துறவிகளின் ஒரு பெரிய மடம் என மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த ஊர் இது. பழகிப் பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கடினம்.

படி 1: பழைய வரைபடத்தைத் திறங்கள்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர்தான் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து முழுவதும் அதில் உண்டு. 25 அங்குல வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மைல் தூரத்தை 25 அங்குலத்தில் காட்டுவதால் ஒவ்வொரு வீட்டின் வடிவமும் தெரியும். இன்றைய வரைபடத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

'பி.எச்.' என்று போட்டிருந்தால் மதுக்கடை, 'எம்.எஸ்.' என்றால் மைல்கல். சத்திரம், ஆலை என்று எழுதியே இருக்கும் இடங்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அர்த்தம் அப்புறம் பார்க்கலாம்.

படி 2: சாலை எப்போது இடம் மாறியது?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ரோமானிய நகரமான வெருலேமியத்தின் வழியாகப் போனது வாட்லிங் ஸ்ட்ரீட். பின்னாளில் குன்றின் மேல் மடமும் அதன் வாசலில் சந்தையும் வளர்ந்தபோது, போக்குவரத்து குன்றேறி ஊருக்குள் வந்தது. லண்டனிலிருந்து வருகிறவர்கள் சோப்வெல் லேன் வழியாக வந்து, ஹோலிவெல் ஹில் என்ற செங்குத்தான மேட்டில் ஏறி, சந்தையைக் கடந்து, ஃபிஷ்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி மேற்கே போனார்கள். வழி நெடுகச் சத்திரங்கள்.

1790களில் லண்டன் பக்கம் புதுச் சாலை வந்தது. சோப்வெல் லேன் சந்துபோல் ஆனது. அடுத்து 1801இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டதும், டப்ளினுக்குக் கப்பல் ஏற ஹோலிஹெட் துறைமுகம் வரை நல்ல சாலை தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டிடம் போனது. அந்தத் திட்டத்தில் 1826இல் செயின்ட் ஆல்பன்ஸில் வெருலம் ரோடு திறக்கப்பட்டது. ஃபிஷ்பூல் ஸ்ட்ரீட்டின் வளைவுகளில் கோச் வண்டிகள், அதாவது பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகள், திணற வேண்டிய அவசியம் போயிற்று. புதுச் சாலையில் பயணிகளுக்காகப் பெரிய விடுதியும் எழுந்தது. ஆனால் 1838இல் லண்டன்–பர்மிங்காம் ரயில் பாதை முழுவதுமாகத் திறந்ததும் கோச் வண்டித் தொழில் சரிந்தது.

இன்று ஃபிஷ்பூல் ஸ்ட்ரீட்டில் நடந்தால் உயர்த்திக் கட்டிய நடைபாதையும் வண்டி நுழையும் வாயில்களும் வரிசையாக நிற்கின்றன. வருமானம் போன தெருவில் இடித்துக் கட்டப் பணம் யாரிடம் இருக்கும்? சாலை கைவிட்டதால்தான் அந்தத் தெரு பிழைத்தது என்பது என் கருத்து.

உங்கள் ஊரிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். சுங்கச்சாவடிச் சாலைகளுக்கு நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டம் இயற்றியது. முதல் சட்டம் 1663இல் வந்தது. எனவே சாலை மாறிய காலத்துக்கு எழுத்துச் சான்று பெரும்பாலும் இருக்கும்.

படி 3: ஆற்றில் ஆலையைத் தேடுங்கள்

வரைபடத்தில் ஆறு எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பாருங்கள். ஒன்று வளைந்து வளைந்து பள்ளத்தில் ஓடும். மற்றது நேராக, சற்று மேட்டுப்பாங்கில் போகும். நேரான அந்தக் கோடு மனிதர்கள் வெட்டிய ஆலைக்கால்வாயாக இருக்கலாம். தண்ணீரை மேட்டிலேயே கொண்டுவந்து இறங்கவிட்டால் ஆலைச் சக்கரத்தைச் சுழற்ற நல்ல விசை கிடைக்கும். இரண்டும் மீண்டும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஆலை நின்றிருக்கும். வெர் ஆற்றில் கிங்ஸ்பரி ஆலையைச் சக்கரத்தோடு இன்றும் பார்க்கலாம். ரெட்பர்ன்பரி ஆலை 1987இல் தீப்பற்றிச் சேதமடைந்து, பழுது பார்க்கப்பட்டு, மறுபடியும் மாவு அரைக்கிறது.

1086இல் மன்னருக்காக எடுக்கப்பட்ட நில, சொத்துக் கணக்கான டூம்ஸ்டே கணக்கெடுப்பு இங்கிலாந்தில் சுமார் 6,000 ஆலைகளைக் காட்டுகிறது. உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். ஆலை என்றால் மாவு மட்டுமல்ல, அதிகாரமும்கூட. செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் தங்கள் தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கொடுக்க வேண்டும் என்றது மடம். மக்கள் வீட்டில் திருகை வைத்து அரைத்தார்கள். 1330களில் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட், வானியல் கடிகாரம் வடிவமைத்த அதே அறிஞர், அந்தத் திருகைக்கற்களைப் பறிமுதல் செய்து மடத்தின் ஓர் அறைக்குத் தரையாகப் பதித்துவிட்டார். போகிறவர் வருகிறவர் மிதிக்கும்படி.

ஊர் அதை மறக்கவில்லை. 1381இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தபோது, வில்லியம் கிரைண்ட்காப் தலைமையில் மக்கள் உள்ளே புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, தேவாலயத்தில் அப்பம் பகிர்வதுபோல் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். தாத்தாவிடம் பறித்த கல்லைப் பேரன் துண்டாகத் திரும்பப் பெற்றான். கிரைண்ட்காப் அதே ஆண்டு தூக்கிலிடப்பட்டார். இதை நமக்குச் சொல்லும் தாமஸ் வால்சிங்கம் அந்த மடத்துத் துறவி, கிளர்ச்சியாளர்களை வெறுத்தவர். எந்த ஆவணத்தைப் படித்தாலும் எழுதியவர் யார் பக்கம் என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

படி 4: சத்திரத்துக்குள் நுழையுங்கள்

முதலில் வாயில். கோச் வண்டி நுழையும் அளவுக்கு உயரமும் அகலமும் இருந்தால் பின்னால் முற்றமும் குதிரை லாயமும் இருந்திருக்கும். முன்பக்கச் செங்கல் சுவரை நம்பாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் பழைய மரச்சட்டக் கட்டடங்களுக்குச் செங்கல் முகப்பு வைப்பது வழக்கம். பக்கச் சுவரும் கூரைச் சரிவும் உண்மையான வயதைக் காட்டிக்கொடுக்கும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையதளத்தில் அதன் விவரம் இலவசமாகக் கிடைக்கும்.

அடுத்து வணிகக் கையேடுகள், அதாவது ஊர்வாரியாகக் கடைகளையும் தொழில்களையும் பட்டியலிட்ட பழைய புத்தகங்கள். லெஸ்டர் பல்கலைக்கழகம் இவற்றை மின்வடிவில் வைத்திருக்கிறது. 1820கள், 1830களில் வந்த கையேடுகளில் ஊர்ப் பகுதியின் கடைசியைப் புரட்டுங்கள். எந்தக் கோச், எந்தச் சத்திரத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு என்று இருக்கும். அதை வைத்தே அந்தத் தெருவின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிவிடலாம். 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றிரவு சத்திரத்தில் தங்கியிருந்த பயணிகளின் பெயரும் வரும்.

பெயரை வைத்து மட்டும் அடையாளம் காணாதீர்கள். சத்திரங்கள் பெயர் மாற்றிக்கொண்டே இருந்தன. இதே ஊரில் கிரேட் ரெட் லயன், லோயர் ரெட் லயன் என்று இரண்டு சிவப்புச் சிங்கங்கள் இருந்தன. தெருவில் எந்த இடம் என்பதுதான் முக்கியம்.

படி 5: 'மிகப் பழைய' பலகைகள்

வெர் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபைட்டிங் காக்ஸ், இங்கிலாந்தின் மிகப் பழைய மதுக்கடை என்று நெடுங்காலம் பெயர் வாங்கியது. அதன் எண்கோணக் கட்டடம் ஒரு காலத்தில் புறாக்கூடு. கட்டடத்தின் வயது வேறு, அங்கே மது விற்கத் தொடங்கிய காலம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சான்று தேடுங்கள். மது விற்பதற்கு 1552 முதல் உரிமம் தேவைப்பட்டதால், அந்தப் பதிவுகள் கைகொடுக்கும்.

படி 6: ஆவணக் காப்பகம்

உரிமப் பதிவுகளும் சுங்கச்சாவடிச் சாலைகளை நடத்திய அறக்கட்டளைகளின் கணக்குகளும் பெரும்பாலும் மாவட்டக் காப்பகத்தில் இருக்கும். செயின்ட் ஆல்பன்ஸுக்கு அது ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் காப்பகம். எந்தக் காப்பகத்தில் எது இருக்கிறது என்பதைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். போவதற்கு முன் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சில் எடுத்துப் போங்கள்.