ஆட்டோகேட் செட்டிங்குகளைச் சிதறவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், புதுக் கம்ப்யூட்டர் வந்தாலோ புது வெர்ஷன் ஏறினாலோ பழகிய ஷார்ட்கட்டுகள், ரிப்பன் (மேலே உள்ள பட்டன் பட்டை), ப்ளாட் ஸ்டைல் (அச்சில் கோட்டுக் கனத்தைத் தீர்மானிப்பது) எல்லாம் காணாமல் போகும். அவற்றை மறுபடி உட்கார்ந்து அமைக்க ஒரு நாள் ஓடிவிடும். முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைத்தால் அதே வேலை கால் மணி நேரத்தில் முடியும். கீழே உள்ளது விண்டோஸில் ஓடும் முழு ஆட்டோகேடுக்கு. மேக் பதிப்பில் ஃபோல்டர்களும் மெனுக்களும் வேறு. எல்டி (ஆட்டோகேடின் வசதி குறைந்த பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல் மொழி) வசதி 2024 வெர்ஷனில்தான் வந்தது. அதற்கு முந்தைய எல்டியில் லிஸ்ப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எது எங்கே சேமிக்கப்படுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு செட்டிங்கையும் தொட வேண்டாம். "நேற்று மாற்றினேன், இன்று பழையபடி இருக்கிறது" என்ற புலம்பல் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது.

ஓஸ்மோட், ஃபைல்டியா, சேவ்டைம், பிக்ஃபர்ஸ்ட் போன்ற வேரியபிள்கள் (ஒவ்வொன்றும் ஒரு செட்டிங்கின் பெயர்) விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் செட்டிங் கிடங்கு) சேமிக்கப்படுகின்றன. எந்த வரைபடத்தைத் திறந்தாலும் அதே மதிப்புதான். எல்டிஸ்கேல், மிர்டெக்ஸ்ட், இன்ஸ்யூனிட்ஸ், மெஷர்மெண்ட், ஃபில்லெட்ராட் ஆகியவை வரைபடத்துக்குள்ளேயே இருக்கும். இந்த வரைபடத்தில் மாற்றியது அடுத்ததற்குப் போகாது. எக்ஸ்பர்ட், சிஎம்டிஎக்கோ, ஹைலைட் போன்றவை எங்குமே சேமிக்கப்படுவதில்லை. கட்டளைச் சுருக்கங்கள், ரிப்பன், லைன்டைப் (கோட்டு வகை), ஹேட்ச் (பரப்பை நிரப்பும் வடிவம்), ப்ளாட் ஸ்டைல் எல்லாம் தனித்தனி ஃபைல்கள்.

ஒரு வேரியபிள் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அதன் பெயரைத் தட்டிவிட்டு எஃப்1 அழுத்துங்கள். உதவிப் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரியா, வரைபடமா, சேமிக்கப்படாததா என்று தனி வரியில் எழுதியிருக்கும். ரெஜிஸ்ட்ரி வகை என்றால் ப்ரொஃபைல் (ஒரு பெயரில் சேமித்த செட்டிங் தொகுப்பு) பார்த்துக்கொள்ளும். வரைபட வகைக்கு டெம்ப்ளேட் (புது வரைபடம் தொடங்கும் மாதிரி ஃபைல்). சேமிக்கப்படாத வகைக்கு லிஸ்ப் ஃபைல். இனி வருவதெல்லாம் இந்தப் பிரிவினையை ஒட்டித்தான்.

படி 1: சொந்த ஃபோல்டர்

சி டிரைவிலோ சர்வரிலோ "கேட்-செட்டிங்" என்று இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் சப்போர்ட், லிஸ்ப், டெம்ப்ளேட், ப்ளாட்டர், ப்ளாட்ஸ்டைல், பேக்கப் என்று ஆறு உள் ஃபோல்டர்கள். ஆட்டோகேடின் சொந்த ஃபோல்டர்களுக்குள் இதை வைக்காதீர்கள். ஆப்டேட்டாவுக்குள் (விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் வைக்கும் ஃபோல்டர்) இருப்பவை வெர்ஷன் எண்ணோடு கட்டப்பட்டவை. 2024-க்கு ஆர்24.3, 2025-க்கு ஆர்25.0 என்று ஒவ்வொன்றுக்கும் புது ஃபோல்டர் உருவாகும், உங்கள் ஃபைல்கள் பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடும்.

சர்வரில் வைத்தால் டிரைவ் எழுத்தை நம்ப வேண்டாம். ஒருவர் கம்ப்யூட்டரில் இசட் என்று இருப்பது இன்னொருவரிடம் எக்ஸ் என்று இருக்கும். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் சர்வர் முகவரியையே கொடுங்கள். கிளவுடில் தானாக ஒத்திசையும் ஃபோல்டர்களை நான் சிபாரிசு செய்வதில்லை. பாத்தில் (ஃபோல்டரின் முழு முகவரி) பயனர் பெயர் நுழைந்துவிடும், ஒரே ஃபைலுக்கு இரண்டு நகல்களும் முளைக்கும்.

படி 2: முதலில் ப்ரொஃபைல், பிறகுதான் மற்றதெல்லாம்

பலரும் கடைசியில் செய்வது இது. முதலில் செய்ய வேண்டியது. ஆப்ஷன்ஸ் கட்டளை, ப்ரொஃபைல்ஸ் டேப், "ஆட் டு லிஸ்ட்", ஒரு பெயர். இங்கேதான் சறுக்கும்: ஆட் டு லிஸ்ட் நகல் மட்டும்தான் எடுக்கிறது, அந்த நகலுக்கு மாறுவதில்லை. புதுப் பெயரைத் தேர்ந்து "செட் கரண்ட்" அழுத்தினால்தான் மாறும். அதை விட்டுவிட்டு அரை மணி நேரம் பாத்களை அமைத்தால் அத்தனையும் பழைய பெயரற்ற ப்ரொஃபைலுக்குள் போய்விடும். டயலாகின் மேற்பகுதியில் நடப்பு ப்ரொஃபைலின் பெயர் தெரியும், அதை ஒரு முறை பார்த்துவிட்டே தொடருங்கள்.

இந்த வேலை முடியும் வரை ஒரே ஒரு ஆட்டோகேட் மட்டும் திறந்திருக்கட்டும்.

படி 3: பாத்களும் நம்பிக்கைப் பட்டியலும்

ஆப்ஷன்ஸின் ஃபைல்ஸ் டேபில் "சப்போர்ட் ஃபைல் சர்ச் பாத்" விரியுங்கள். உங்கள் சப்போர்ட், லிஸ்ப் ஃபோல்டர்களைச் சேர்த்து, "மூவ் அப்" கொண்டு பட்டியலின் உச்சிக்கு ஏற்றுங்கள். ஆட்டோகேட் மேலிருந்து கீழாகத் தேடும், முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தால் கீழே இருப்பதற்கு வேலையே இல்லை.

அடுத்து அதே டேபில் "ட்ரஸ்டட் லொக்கேஷன்ஸ்". சப்போர்ட் பாத்தில் சேர்த்தது இங்கே தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒவ்வொரு லிஸ்ப் ஃபைலுக்கும் பாதுகாப்பு எச்சரிக்கை எட்டிப் பார்க்கும். உள் ஃபோல்டர்களும் அடங்க வேண்டுமானால் பாத்தின் முடிவில் ஒரு சாய்கோடும் மூன்று புள்ளிகளும் போடுங்கள்.

எரிச்சலில் சிலர் செக்யூர்லோடை (இந்த எச்சரிக்கையைக் கட்டுப்படுத்தும் வேரியபிள்) 0 ஆக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். 0 என்றால் எங்கிருந்து வந்த நிரலும் கேள்வியின்றி ஓடும். 1 கேட்டுவிட்டு ஓட்டும். 2 என்றால் நம்பிக்கைப் பட்டியலில் இருப்பது மட்டும். ஜிப் ஃபைலில் வரைபடங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ஏகேட்.எல்எஸ்பி, ஏகேட்டாக்.எல்எஸ்பி என்ற தானாக ஓடும் லிஸ்ப் ஃபைல்கள் வழியாக வைரஸ் பரவிய கதை ஆட்டோகேடுக்குப் புதிதல்ல. இந்தப் பூட்டு வந்ததே அதனால்தான். சர்வர் ஃபோல்டராக இருந்தால் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் எழுதும் உரிமை, மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். எல்லோரும் எழுதக்கூடிய ஃபோல்டரை நம்பிக்கைப் பட்டியலில் வைப்பதும் செக்யூர்லோடை 0 ஆக்குவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

படி 4: கட்டளைச் சுருக்கங்கள்

கட்டளைச் சுருக்கங்கள் இருக்கும் ஏகேட்.பிஜிபி ஃபைலைத் திருத்துவதில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: தவறான நகலைத் திருத்துவது. ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் யூசர்டேட்டாகேஷ் என்ற ஃபோல்டரில் ஒன்று இருக்கும். அது மூலப்பிரதி. ஆட்டோகேட் முதல் முறை திறக்கும்போது அதிலிருந்து ஒரு நகல் பயனரின் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டருக்குப் போகிறது. அதன்பின் மூலப்பிரதியில் என்ன எழுதினாலும் உங்களுக்கு ஒன்றும் நடக்காது. ஆப்டேட்டா மறைந்த ஃபோல்டர் என்பதால் விண்டோஸ் தேடலில் மூலப்பிரதிதான் முதலில் கண்ணில் படுகிறது.

எந்த நகல் பயன்பாட்டில் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். கட்டளை வரியில் அடைப்புக்குறிக்குள் ஃபைண்ட்ஃபைல் என்று எழுதி, இடைவெளி விட்டு, மேற்கோள் குறிகளுக்குள் ஃபைலின் முழுப் பெயரைத் தட்டினால் முழு முகவரி திரையில் வரும். அந்த ஃபைலை உங்கள் சப்போர்ட் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். மறுபடி ஃபைண்ட்ஃபைல். இப்போது உங்கள் ஃபோல்டரின் முகவரி வர வேண்டும். வரவில்லையென்றால் படி 3-இல் வரிசை தவறு. லைன்டைப், ஹேட்ச், லிஸ்ப் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

ஃபைலின் அடிப்பகுதியில் பயனர் சுருக்கங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே மட்டும் எழுதுங்கள். ஒரே சுருக்கம் இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்ததே செல்லும் என்பதால் மேலே உள்ளவற்றை அழிக்கத் தேவையில்லை. அமைப்பு எளிது: சுருக்கம், காற்புள்ளி, நட்சத்திரக் குறியை ஒட்டிக் கட்டளையின் பெயர். சேமித்ததும் ரீஇனிட் கட்டளை கொடுத்து பிஜிபி பெட்டியை டிக் செய்தால் போதும், மூடித் திறக்க வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸ் டூல்ஸில் இதற்கென்று ஒரு எடிட்டர் இருக்கிறது. எனக்கு நோட்பேட்++ போதும், எந்த வரியில் என்ன மாறியது என்று தெரியும்.

படி 5: ஏகேட்டாக்.எல்எஸ்பி

ஏகேட்.எல்எஸ்பி ஆட்டோகேட் திறக்கும்போது ஒரு முறை ஓடுகிறது. ஏகேட்டாக்.எல்எஸ்பி ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஓடுகிறது. செட்டிங்குகளுக்கு இரண்டாவதே வேண்டும். வெர்ஷன் எண்ணோடு இருக்கும் ஏகேட்2024டாக்.எல்எஸ்பி ஆட்டோகேடின் சொந்த ஃபைல், அதன் பக்கமே போக வேண்டாம்.

சேமிக்கப்படாத வேரியபிள்களை இதில் செட்வார் (வேரியபிளுக்கு மதிப்பு கொடுக்கும் லிஸ்ப் கட்டளை) கொண்டு அமைக்கலாம். இன்னொரு பயனும் உண்டு: பாதியில் நின்றுபோன லிஸ்ப் ஒன்று ஃபைல்டியாவை 0-விலும் ஓஸ்மோடை 0-விலும் விட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் ஓப்பன் கொடுத்தால் டயலாக் வராது, கட்டளை வரியில் ஃபைல் பெயர் கேட்கும். ஃபைல்டியாவை 1 ஆக்கும் ஒரு வரி இங்கே இருந்தால் அடுத்த வரைபடம் திறந்ததும் சரியாகிவிடும்.

நடுவில் ஒரு வரி பிழையானால் அதற்குக் கீழே உள்ள எதுவும் ஓடாது. எனவே எளிய செட்வார் வரிகள் மேலே, மற்ற லிஸ்ப்களை ஏற்றும் வரிகள் கீழே. ஆப்லோடின் (லிஸ்ப் ஏற்றும் கட்டளை) ஸ்டார்ட்டப் சூட்டைவிட, அதாவது திறக்கும்போது தானாக ஏறும் பட்டியலைவிட, இதுவே மேல் என்பேன். ஸ்டார்ட்டப் சூட் ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைலுக்குள் புதைந்திருக்கும். இது திறந்து படிக்கக்கூடிய ஒரு ஃபைல்.

படி 6: ரிப்பன்

ரிப்பன், மெனு அமைப்பு இருக்கும் முதன்மை சியூஐஎக்ஸ் ஃபைலில் சொந்த பட்டன்களைச் சேர்க்காதீர்கள். சியூஐ எடிட்டரின் டிரான்ஸ்ஃபர் டேபில் புது ஃபைல் உருவாக்கி, அதில் உங்களுடையதை வைத்து, சியூஐலோட் மூலம் பகுதி ஃபைலாக ஏற்றுங்கள். முதன்மை ஃபைல் கெட்டுப்போனால் எடிட்டரில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து "ரீசெட்" கொடுக்கலாம், உங்கள் பட்டன்கள் தனி ஃபைலில் பத்திரமாக இருக்கும். குழுவாக வேலை செய்பவர்களுக்கு ஆப்ஷன்ஸில் எண்டர்பிரைஸ் ஃபைல் என்ற இடம் உண்டு. அங்கே கொடுத்தது படிக்க மட்டுமே ஏறும்.

படி 7: டெம்ப்ளேட், ப்ளாட்

வரைபடத்துக்குள் வாழும் வேரியபிள்கள் எல்லாவற்றுக்கும் இடம் டிடபிள்யூடி ஃபைல், அதாவது டெம்ப்ளேட். லேயர், டைமென்ஷன் ஸ்டைல் வைப்பது எல்லோருக்கும் தெரியும். மறப்பது மெஷர்மெண்ட். மில்லிமீட்டரில் வேலை செய்பவர்களுக்கு இது 1, இன்ஸ்யூனிட்ஸ் (வரைபடத்தின் அலகு) 4. மெஷர்மெண்ட் 0-வில் இருந்தால் ஹேட்சும் லைன்டைப்பும் அங்குல ஃபைல்களிலிருந்து வரும். இடைவெளி 25.4 மடங்கு நெருங்கி, ஹேட்ச் கறுப்புக் கட்டியாகவும் விட்டுவிட்டு வரும் கோடு முழுக்கோடாகவும் தெரியும். உடனே எல்டிஸ்கேலைத் (கோட்டு வகையின் அளவு விகிதம்) திருகத் தோன்றும், அங்கே கை வைக்க வேண்டாம். மெஷர்மெண்ட்டை மாற்றிய பின் லைன்டைப்பை மறுபடி லோட் செய்ய வேண்டும், ஹேட்சை மறுபடி போட வேண்டும். ஏற்கெனவே இருப்பவை தாமாக மாறாது. பெயர் ஒத்த மெஷர்இனிட் வேறு: அது ரெஜிஸ்ட்ரியில் இருக்கும், டெம்ப்ளேட் இல்லாமல் தொடங்கும் வரைபடத்துக்கு மட்டும்.

ஃபைல்ஸ் டேபில் டெம்ப்ளேட் ஃபோல்டரையும், கியூநியூவுக்கான (புது வரைபடம் தொடங்கும் கட்டளை) டெம்ப்ளேட் ஃபைலையும் தனித்தனியாகக் கொடுங்கள். முன்னது மட்டும் கொடுத்தால் போதாது.

ப்ளாட்டுக்கு (அச்சு எடுப்பது) மூன்று பாத்கள்: பிசி3 (ப்ளாட்டர் அமைப்பு), பிஎம்பி (தாள் அளவுகள்), சிடிபி (ப்ளாட் ஸ்டைல்). வரைபடம் சிடிபியின் பெயரை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும், உள்ளடக்கத்தை அல்ல. பெயர் ஒன்று, உள்ளே கனம் வேறு என்றால் எச்சரிக்கையே இல்லாமல் தவறான கோட்டுக் கனத்தில் தாள் வரும். அதனால் சிடிபியைத் திருத்தினால் பெயரையும் மாற்றுங்கள்.

படி 8: ஏற்றுமதி

ப்ரொஃபைல்ஸ் டேபில் எக்ஸ்போர்ட், ஏஆர்ஜி ஃபைல் கிடைக்கும். இதை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்தால் பாதி பாத்கள் உடையும். பாத்களில் உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் எழுதப்பட்டிருக்கும், அந்தப் பெயரில் அங்கே ஃபோல்டர் கிடையாது. இரண்டு வழிகள்:

ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் என்றால், இம்போர்ட் டயலாகில் "இன்க்ளூட் பாத் இன்ஃபர்மேஷன்" டிக்கை எடுத்துவிட்டு, படி 3 மற்றும் 7-இன் பாத்களைக் கையால் சேர்த்துவிடுங்கள். இதுவே பாதுகாப்பானது.

நிறைய என்றால், ஏஆர்ஜியின் நகலை நோட்பேட்++-இல் திறந்து பழைய பயனர் பெயரைத் தேடிப் புதியதை மாற்றுங்கள். இது ரெஜிஸ்ட்ரி வடிவ டெக்ஸ்ட் ஃபைல். மதிப்புகளில் ஒவ்வொரு சாய்கோடும் இரட்டையாக இருக்கும். எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஒட்டிய ஒற்றைச் சாய்கோடு பாத்தைக் கெடுத்துவிடும்.

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் டார்கெட் வரியின் முடிவில், மேற்கோளுக்கு வெளியே, இடைவெளி விட்டு முன்சாய்கோடு, ஆங்கில பி, இடைவெளி, மேற்கோளுக்குள் ப்ரொஃபைல் பெயர் சேர்த்தால் எப்போதும் அதே ப்ரொஃபைலில் திறக்கும்.

பிறகு சேர்த்தவை

வெர்ஷன் மாறும்போது பழைய ஏஆர்ஜியை இம்போர்ட் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பழைய வெர்ஷனின் பாத்கள் உள்ளே வந்து வினோதமான பிழைகள் தரும். புது வெர்ஷனில் புது ப்ரொஃபைல் உருவாக்கி பாத்களை மட்டும் கொடுங்கள். ஏகேட்.பிஜிபியையும் புது வெர்ஷனுடையதை எடுத்து, அடிப்பகுதியில் உங்கள் வரிகளை ஒட்டுங்கள். முழுப் பழைய ஃபைலை வைத்தால் புதுக் கட்டளைகளின் சுருக்கங்கள் கிடைக்காது.

ஆட்டோகேட் திறக்க மிக மெதுவாக இருந்தால் சர்ச் பாத்தில் இப்போது இல்லாத சர்வர் முகவரி இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு தேடலிலும் அதற்காகக் காத்திருக்கும். மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்பவர்கள் சர்வர் பாத் இல்லாத இரண்டாவது ப்ரொஃபைல் ஒன்றையும் அதற்கென்று தனி ஷார்ட்கட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

பேக்கப்பில் பிஜிபி, எல்எஸ்பி, ஏஆர்ஜி மூன்றும் டெக்ஸ்ட் என்பதால் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) போடலாம். சியூஐஎக்ஸ், சிடிபி, டிடபிள்யூடி ஆகியவற்றுக்குத் தேதியிட்ட நகல் போதும். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் "ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்" அழுத்தும் முன் அந்த நகல் இருக்கிறதா என்று ஒரு முறை திறந்து பாருங்கள். ரீசெட் உங்கள் ப்ரொஃபைலைத் துடைத்துவிடும், தனி ஃபோல்டரில் இருப்பதைத் தொடாது.