பழைய வாட்ச்சா, மறுபதிப்பா? தினமும் கட்டுவதற்கு வாங்கும்போது செய்கிற தவறுகள்

பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று பொறித்திருந்ததை நம்பி, நாற்பது வயதான ஒரு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மழையில் வண்டி ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்திருக்கிறது, ரெண்டு நாளில் முள் நின்றுவிட்டது. எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்து போயிருக்கும். பழைய வாட்ச் என்றால் அதில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் ஆகாது. நம் ஊர் வியர்வையும் தண்ணீர்க் கணக்குதான்.

அடுத்தது பளபளப்பில் மயங்குவது. நம்மில் பலரும் முதலில் தேடுவது எச்.எம்.டி. ஜனதா, இல்லையென்றால் பைலட். ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு, 2016-இல் வாட்ச் நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்தது. அதனால் இன்று கைக்கு வருவதில் நிறைய, ரெண்டு மூன்று வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவை. கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறித்தால் சந்தேகப்படுங்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நிமிடக் கோடுகள் எண்ணுக்கு நேராக நிற்கின்றனவா, எழுத்தின் ஓரம் மை கசிந்த மாதிரி தடித்திருக்கிறதா, முள்ளில் மட்டும் துரு இருந்து டயல் நேற்று அச்சடித்தது போல இருக்கிறதா? லேசாக மஞ்சள் பூத்த டயல்தான் என் பார்வையில் நல்ல டயல். மறுபூச்சு பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஒரிஜினல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

விலையோடு சர்வீஸ் செலவைக் கூட்டாமல் விடுவது இன்னொன்று. 'நன்றாக ஓடுகிறது' என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆயில் காய்ந்த மிஷினும் கொஞ்ச காலம் ஓடத்தான் செய்யும், உள்ளே தேய்ந்துகொண்டே. ஜனதாவைப் பொறுத்தவரை ஆறுதல், கழற்றிப் போட்ட பழைய பாகங்கள் கிடைக்கும், மிஷின் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத வெளிநாட்டு வாட்ச் என்றால், வாங்குவதற்கு முன்பே உங்கள் ரிப்பேர்க்காரரிடம் 'அண்ணே, இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?' என்று கேட்டுவிடுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் விட்டுவிடலாம்.

சரி, மறுபதிப்பு, அதாவது பழைய மாடலை அதே தோற்றத்தில் கம்பெனியே புதிதாகச் செய்து விற்பது, அதை வாங்கினால் தலைவலி இல்லையா? அங்கேதான் எதிர்ப்பக்கத் தவறு. புதுசு என்றாலே முரட்டுத்தனமாகப் பயன்படுத்தலாம் என்று நினைத்துவிடுகிறோம். டைமெக்ஸ் 2017-இல் மறுபடி கொண்டுவந்த மார்லினை எடுத்துக்கொள்ளுங்கள்: சாவி கொடுக்கிற மிஷின், 34 மி.மீ. அளவு, பழையதைப் போலவே அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கண்ணாடி. சுவரில் உரசினால் கீறல் விழும். நீர்த்தடுப்பு 30 மீட்டர் என்று போட்டிருப்பது கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கு, நீச்சலுக்கு அல்ல. அழகான வாட்ச்தான், ஆனால் பழசின் பலவீனங்களில் பாதி அதனுள் அப்படியே இருக்கிறது.

பெயரைப் பார்த்து அளவை மறப்பதும் உண்டு. சீக்கோ 1965-இல் விட்ட டைவர் வாட்ச் சுமார் 37 மி.மீ., 2017-இல் வந்த அதன் மறுபதிப்பு கிட்டத்தட்ட 40. படத்தில் ரெண்டும் அண்ணன் தம்பி, மெலிந்த மணிக்கட்டில் அந்த 3 மி.மீ. நன்றாகவே தெரியும். அந்த வித்தியாசத்துக்குப் பதிலாக 200 மீட்டர் நீர்த்தடுப்பு கிடைக்கிறது. தினமும் மழை, வண்டி, பாத்திரம் கழுவுதல் என்று இருப்பவர்களுக்கு நான் இந்த மாதிரி மறுபதிப்பைத்தான் சொல்வேன். ஏசி அறை வேலை, மாலையில் கழற்றி வைக்கிற பழக்கம் என்றால் பழசு தாங்கும்.

அப்புறம் ஒன்று, 1960-களுக்கு முந்தைய வாட்ச்சில் இருட்டில் ஒளிரும் எண்கள் இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்துப் போயிருந்தாலும் கதிர்வீச்சு போகாது, அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். வீட்டில் மூடியைத் திறந்து சுரண்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

சாவி கொடுக்கும்போது கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். கட்டியபடியே திருகினால் திருகை மிஷினோடு இணைக்கிற மெல்லிய தண்டு பக்கவாட்டில் இழுபடும், பழைய வாட்ச்சில் அது உடைந்துபோகலாம்.