பழைய காட்டேரியைக் காட்டி, புதிய காட்டேரியைப் பேசுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் 'நோஸ்ஃபெராட்டு' என்ற காட்டேரிப் படத்தின் ரீமேக்கைப் பற்றிப் பேச ஆள் கூட்டினால், ஐந்தே நிமிடத்தில் பேச்சு இரண்டாகப் பிளந்துவிடும். "பழசு மாதிரி வருமா?" என்று ஒரு பக்கம். "அந்தக் காலத்துப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது?" என்று மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் பலர் 1922-ஆம் ஆண்டுப் படத்தை முழுதாகப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பார்த்தவர்களும் கைப்பேசியில், கெட்ட பிரதியில் பார்த்திருப்பார்கள். ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. பழைய படத்தைச் சரியான வேகத்தில், சரியான நிறத்தில் எல்லாருக்கும் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு காட்சியைச் சுட்டிப் பேச வைக்க வேண்டும்.

மூன்று படம், மூன்று வகைப் பெயர்கள்

முதலாவது எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922-இல் எடுத்த ஜெர்மன் மௌனப்படம். காட்டேரிப் பிரபுவாக மாக்ஸ் ஷ்ரெக். இரண்டாவது வெர்னர் ஹெர்ஸாக்கின் 1979-ஆம் ஆண்டுப் படம்; கிளாஸ் கின்ஸ்கியும் இசபெல் அட்ஜானியும் நடித்தது. மூன்றாவது ராபர்ட் எகர்ஸின் 2024-ஆம் ஆண்டுப் படம். பில் ஸ்கார்ஸ்கார்ட், லில்லி-ரோஸ் டெப்.

பேச்சு குழம்புவது முதலில் பெயரில்தான். முர்னாவின் படம் பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலை உரிமை வாங்காமல் எடுத்தது. அதனால் காட்டேரிப் பிரபு டிராகுலா என்பது ஓர்லொக் ஆனது, நாயகன் ஜொனாதன் என்பது ஹட்டர் ஆனது, அவன் மனைவி மினா என்பது எல்லன் ஆனது. பெயரை மாற்றியும் தப்பவில்லை. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழித்துவிடச் சொல்லி 1925-இல் தீர்ப்பு வந்தது. அங்குமிங்கும் தப்பிய பிரதிகளால்தான் படம் பிழைத்தது. 1979-க்குள் நாவலின் உரிமைக் காலம் முடிந்திருந்ததால் ஹெர்ஸாக் பிரபுவை மறுபடி டிராகுலா என்றே அழைத்தார். ஆனால் நாயகிக்கு லூசி என்று பெயர் வைத்தார். எகர்ஸ் ஓர்லொக், எல்லன் என்ற பெயர்களுக்குத் திரும்பினார். பழைய படத்தின் சில ஆங்கிலப் பிரதிகளில், காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகளிலேயே நாவலின் பெயர்கள் இருக்கும். இதையெல்லாம் ஒரு மஞ்சள் அட்டையில் மூன்று பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் "லூசி செத்தது எந்தப் படத்தில்?" என்று கேட்டே பாதி நேரம் போய்விடும்.

பிரதியைத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். இதில் தவறினால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை.

ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். சீரமைக்கப்பட்ட பிரதி சுமார் 94 நிமிடம் ஓடும்; நொடிக்கு 18 சட்டம் (தனித்தனிப் படம்) என்ற கணக்கு. அதே படத்தைப் பேசும்பட வேகமான 24 சட்டத்தில் ஓட்டினால் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். நடப்பவர்கள் ஓடுவார்கள், அழுபவர்கள் துடிப்பார்கள், மண்டபம் சிரிக்கும். 65 நிமிடத்துக்கும் குறைந்த பிரதி என்றால் வேகமும் கூடியிருக்கும், காட்சிகளும் விடுபட்டிருக்கும். அதை எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது நிறம். "கறுப்பு வெள்ளைப் படம்தானே" என்று நினைப்பது தவறு. அந்தக் காலத்தில் படச்சுருளையே சாயத்தில் தோய்த்தார்கள்: இரவுக்கு நீலம், விளக்கொளிக்கும் பகலுக்கும் மஞ்சள் சாயல், விடியலுக்கு இளஞ்சிவப்பு. ஓர்லொக் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடக்கும் காட்சி பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. நீலச் சாயம் இருந்தால்தான் அது இரவு. சாயம் போன பிரதியில் பிரபு பட்டப்பகலில் தெருவில் நடக்கிறார், கடைசியில் வெயில் பட்டுச் சாகிறார். பார்ப்பவர் "என்ன கதை இது?" என்று கேட்பது நியாயம்தான். காட்டேரி சூரிய ஒளியில் அழியும் என்ற வழக்கமே இந்தப் படத்திலிருந்து பரவியது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவார். ஆகவே சாயமுள்ள பிரதியைத் தேடி எடுத்து, முதல் பத்து நிமிடத்தையும் நடுவில் ஐந்து நிமிடத்தையும் கடைசி விடியற்காலைக் காட்சியையும் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள்.

மண்டபம்

சனிக்கிழமை இரவுதான் சரி. மறுநாள் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டவோ செம்பனைக் குலை அறுக்கவோ போக வேண்டிய ஆள் பத்து மணிக்கு மேல் உட்கார மாட்டார். பேராக்கில் எட்டு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். ஆனால் பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் இஷா (இரவுத் தொழுகை) பாங்கு முடிந்து, 8:45 அளவில் படத்தைத் தொடங்குங்கள். அதற்கு முன்னே உள்ள ஒரு மணி நேரத்தில் தேநீர், பெயர் அட்டை விளக்கம், கீழே சொல்லப்போகும் முதல் சீட்டு.

இந்தப் படத்தின் சட்டம் அகலம் 4-க்கு உயரம் 3. திரை 2.4 மீட்டர் அகலம் என்றால் உயரம் 1.8 மீட்டர். புரொஜெக்டரும் 4-க்கு 3 வகையாக இருந்து, அதன் வீச்சு விகிதம் (பட அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் என்ற கணக்கு) 1.5 என்றால் 2.4-ஐ 1.5-ஆல் பெருக்கி, திரையிலிருந்து 3.6 மீட்டர் தள்ளி வையுங்கள்; 16-க்கு 9 வகை என்றால் 4.8 மீட்டர். 3,000 லூமென் வெளிச்சம் போதும், மண்டபம் இருட்டாக இருந்தால். சன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நாற்றங்காலில் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பை வெட்டி ஒட்டலாம். சாமி மாடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதை அணைக்கச் சொல்லாதீர்கள்; திரையை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

புரொஜெக்டர் அமைப்பில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். படத்தைத் திரை முழுக்க இழுத்துக்காட்டும் தெரிவை நிறுத்துங்கள். இழுத்தால் ஒல்லியான ஓர்லொக் குண்டாகிவிடுவார், மாடிப்படியில் ஏறும் அந்த நிழல் கெட்டுப்போகும். அசைவை மென்மையாக்கும் தெரிவையும் நிறுத்துங்கள். அது இல்லாத சட்டங்களை இட்டுக்கட்டி, நூறாண்டுப் படத்தைத் தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஆக்கிவிடும்.

மழை பெய்தால் தகரக் கூரை இரைச்சலில் பேசும்படம் எதுவும் எடுபடாது. மௌனப்படத்துக்கு அந்தக் கவலை பாதிதான். கவலைப்பட வேண்டியது மின்வெட்டுக்கு. இடி இறங்கும் வேளையில் மின்தடைத் தாங்கி (யு.பி.எஸ்.) இல்லாமல் புரொஜெக்டரை ஓட்டாதீர்கள். திடீரென்று அணைந்தால் விசிறியும் நின்று, விளக்கு சூட்டிலேயே கெடும்.

எழுத்து அட்டைகளுக்கு ஒருவர் தமிழில் குரல் கொடுக்க வேண்டும். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள் நம்மவர்களிடமும் இருந்தார்கள். மொழிபெயர்ப்பை முன்பே எழுதி, அட்டைக்கு எட்டுப் பத்து சொல்லுக்கு மேல் போகாமல் சுருக்குங்கள். நடிப்புக் குரல் வேண்டாம், வாசிப்புக் குரல் போதும்.

இசை பிரதியிலேயே இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நேரடி இசை ஆசை இருந்தால் ஒரு கீபோர்டு, ஒரு மிருதங்கம். கப்பல் காட்சிக்கு உறுமியை இழுத்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உறுமி சத்தத்துக்கு அருள் வரும் தாய்மார்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். படக்கொட்டகையில் அது நேர்வது அவர்களுக்கும் மரியாதை அல்ல, சாமிக்கும் மரியாதை அல்ல. தவிர்த்துவிடுங்கள்.

அனுமதி

பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படத்துக்கும் மலேசியாவின் 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். படம் பழசு என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். மண்டபத்துக்கு எழுதிக் கொடுக்கும் நாளிலேயே இதையும் தொடங்குங்கள். 1979, 2024 படங்களை மண்டபத்தில் போட வேண்டாம். வீட்டுக்கு வாங்கிய சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. 2024 படம் வயது வந்தவர்களுக்கானதும்கூட; நிர்வாணமும் கொடூரமும் உண்டு. வருகிறவர்கள் அவற்றை முந்தைய இரண்டு வாரத்துக்குள் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். இரண்டும் முடியாதென்றால் 2024 மட்டும் போதும்.

சீட்டு முறை

நம் ஊரில் பெரியவர் ஒருவர் எழுந்து "புதுப் படத்தில் உயிரே இல்லை" என்று சொல்லிவிட்டால், "இல்லை மாமா" என்று எந்தப் பிள்ளையும் மறுத்துப் பேசாது. மரியாதை கெடாமல் உண்மைக் கருத்து வெளியே வர ஒரே வழி எழுத்து. ஆளுக்கு அரைத்தாள் இரண்டு கொடுங்கள். படம் தொடங்கும் முன் முதல் தாள்: புதிய படத்தில் உங்களுக்குள் தங்கிவிட்ட ஒரு காட்சி, அதில் கண்ணில் பட்டது என்ன? படம் முடிந்ததும், ஒருவரும் பேச வாய் திறக்கும் முன், இரண்டாவது தாள்: அதே கேள்வி, பழைய படத்துக்கு. பெயர் எழுத வேண்டாம். ஐந்து நிமிடம். தேநீரை மறுபடி அந்த நேரத்தில் கொண்டுவராதீர்கள். குவளையைத் தூக்கினால் பேனா கீழே போய்விடும்.

தாள்களைக் கலந்து, நடத்துபவர் வாசிக்க வேண்டும். "எது நல்லா இருக்கு?" என்று கேட்கவே கூடாது, அந்தக் கேள்விக்குக் கட்சிப் பதில்தான் வரும். கேட்கத் தக்கவை வேறு.

பிரபுவின் முகத்தை முதன்முதலில் முழுதாக எப்போது பார்த்தீர்கள்? 1922-இல் கோட்டைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிடுகிறோம். எகர்ஸ் இருட்டிலும் மங்கலிலும் வெகுநேரம் மறைத்து வைத்து, குரலை முன்னே விடுகிறார். அந்தக் கனத்த குரலுக்காக ஸ்கார்ஸ்கார்ட் ஓபரா பாடகர் ஒருவரிடம் பயிற்சி எடுத்தார். "புதுசில் பயமே இல்லை" என்று எழுதியவர் வீட்டில் தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் பார்த்தாரா என்று விசாரியுங்கள். பாதிக் கோபம் அங்கே தீர்ந்துவிடும்.

மீசை. எகர்ஸின் ஓர்லொக்குக்கு இருக்கும் அடர்ந்த மீசைதான் பல நாட்டு ரசிகர்களையும் சண்டை போட வைத்தது. "ஓர்லொக் மாதிரியே இல்லை" என்பதோடு நிறுத்த விடாதீர்கள். ஷ்ரெக்கின் ஓர்லொக்குக்குக் கோரைப்பல் கிடையாது. முன்பற்கள் இரண்டும் எலிப்பல் மாதிரி நீண்டிருக்கும். எலி, கொள்ளைநோய், காட்டேரி மூன்றும் அந்த முகத்தில் ஒன்று. எகர்ஸ் காட்டுவது செத்து அழுகிய ஒரு டிரான்சில்வேனியப் பிரபுவை. அப்படியானால் சரியான கேள்வி, எலி முகம் போனதால் நோய்க்கும் காட்டேரிக்கும் உள்ள கட்டு தளர்ந்ததா என்பது. தளர்ந்தது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அழுகல் அந்த இடத்தை வேறு விதமாகப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிழல். 1922-இல் மாடிப்படியேறும் நிழல். 2024-இல் ஊர் முழுவதன் மேலும் படரும் கையின் நிழல். முன்னது ஒரு வீட்டுக்குள் வரும் ஆபத்து, பின்னது ஊருக்கே. எது நெருக்கமாகப் பட்டது என்று சொல்லச் சொல்லுங்கள்.

முடிவுகளையும் அவசியம் எடுங்கள். முர்னாவின் எல்லன் தன்னைக் கொடுத்து விடியும்வரை பிரபுவைப் பிடித்து வைக்கிறாள். சேவல் கூவுகிறது, அவர் புகையாகிறார். ஹெர்ஸாக்கிலும் லூசி உயிரைக் கொடுக்கிறாள், ஆனால் பலன் இல்லை: கணவனே காட்டேரியாகிக் குதிரையில் போய்விடுகிறான். எகர்ஸ் பழைய தியாகத்துக்குத் திரும்புகிறார், ஆனால் படம் தொடங்குவதே எல்லனின் ஏக்கத்தில். அவள் பலி மட்டுமல்ல, அழைத்தவளும் அவளே. நம் பெண்கள் அதிகம் பேசப்போவது இங்கேதான். நேரத்தை இதற்கு ஒதுக்கி வையுங்கள், மீசையை வெட்டிவிட்டாலும் பரவாயில்லை.

கருத்தை எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு வரிசை இது: காட்சி, என்ன மாறியிருக்கிறது, அது பார்ப்பவரை என்ன செய்தது, அதற்கப்புறம் தீர்ப்பு. தீர்ப்பு ஒரு வரி போதும்.

பொந்தியானாக் பேச்சு வரும்போது

வராமல் இருக்காது. காட்டேரி, மோகினி, மலாய்க்காரர்கள் சொல்லும் வாழைமரத்துப் பெண்பேயான பொந்தியானாக் எல்லாம் லயத்துத் திண்ணைகளில் வளர்ந்த கதைகள். காட்சி விவாதம் முடிந்த பிறகு அதற்குத் தனியாக இருபது நிமிடம் வையுங்கள். நடுவில் விட்டால் ஓர்லொக் திரும்பி வரமாட்டார்.

அந்த இருபது நிமிடத்தில் ஒரு அரிய வேலை நடக்கலாம். 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படம் 1957-இல் வந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதாகத் தெரியவில்லை. 'நோஸ்ஃபெராட்டு' தப்பியது, அது தப்பவில்லை. பின்னால் வந்த எந்தப் பொந்தியானாக் படத்தையும் மூலத்தோடு ஒப்பிட நமக்கு வழியில்லை. மிச்சம் இருப்பது அன்று கொட்டகையில் பார்த்த, இன்று எண்பதை நெருங்கும் பெரியவர்களின் கண்கள்தான்.

உங்கள் மண்டபத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அன்றிரவு கதை கேட்டுவிட்டு விடாதீர்கள். மறுநாள் வீட்டுக்குப் போங்கள். கதையைக் கேட்காமல் கண்டதைக் கேளுங்கள்: எந்த ஊர்க் கொட்டகை, யாரோடு, எந்தக் காட்சியில் ஆட்கள் கத்தினார்கள், முகம் எப்படி மாறியது. அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அதே வரிசையில் 1958-இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' பார்க்கக் கிடைக்கிறது. அதை நீங்கள் முன்பே பார்த்திருந்தால் அவர் எந்தப் படத்தின் காட்சியைச் சொல்கிறார் என்று பிரித்தறியலாம். இருவர் இருந்தால் தனித்தனி நாளில் கேளுங்கள். பக்கத்தில் உட்கார வைத்தால், ஒருவர் சொன்னது மற்றவருடைய நினைவாகிவிடும்.