குறைப்பிரசவம் பற்றி ஊரில் பேசுவது எப்படி? ஏலத்தோட்ட ஜீப்பில் தொடங்கலாம்

மைக் செட், பந்தல், பொன்னாடை எதுவும் வேண்டாம். தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், போடி பக்கம் இதைத் தொடங்க நாலைந்து பேர் போதும். நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ நாள். அக்டோபரிலேயே ஆரம்பித்தால் அவசரம் இருக்காது.

1. முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

37 வாரம் முடியுமுன் பிறந்தால் அது குறைப்பிரசவம். உலகில் சுமார் பத்துக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 2020இல் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். ரத்தசோகை, ரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று, புகையிலை, இரட்டைக் குழந்தை, அடுத்தடுத்த பிரசவம் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் பல பேருக்குக் காரணமே பிடிபடாது. அதனால் "இப்படி இருந்தால் வரவே வராது" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நாளைக்கு ஒருத்திக்கு வந்துவிட்டால், பழி அவள் தலையில்தான் விழும்.

2. ஆள் சேருங்கள்

கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள், அவரைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்து அங்கன்வாடி டீச்சர். மலைக்கு மேலே, கேரளப் பக்கம் என்றால் ஆஷா பணியாளர். அப்புறம், பலரும் மறந்துவிடும் ஒருவர்: குமுளி, கம்பம்மெட்டு வழியாக விடியுமுன் பெண்களைக் கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்கு ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். யார் மாசமாக இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், ராத்திரி வண்டி கேட்டால் வருபவரும் அவர்தான்.

3. ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள்

பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது. என்னைக் கேட்டால், நம் பக்கம் சொல்ல வேண்டியது இதுதான்: ஏழாம் எட்டாம் மாசத்தில் வலி வந்தால் அதைச் சூட்டு வலி என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள்.

நடப்பது என்ன? இடுப்பு வலிக்கிறது என்பாள். சீரகத் தண்ணீர் வரும், வயிற்றில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், "படு, சரியாகிவிடும்" என்பார் மாமியார். அப்படியே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில்தான் விஷயமே இருக்கிறது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால், குழந்தையின் நுரையீரலை முதிரவைக்க அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். முதல் ஊசியைச் செவிலியரே போட்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று 2014இல் மத்திய அரசு வழிகாட்டுதலே வந்துவிட்டது. பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது.

விட்டுவிட்டு வயிறு இறுகுவது, தண்ணீர் கசிவது, ரத்தம் படுவது, அடிவயிற்றில் அழுத்தம், காய்ச்சல், அசைவு குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டும். "ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் தங்காது" என்ற பேச்சையும் அங்கேயே உடையுங்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

4. எங்கே பேசுவது?

வளைகாப்பில் பேசுங்கள். மாமியார், அம்மா, நாத்தனார், புருஷன் என்று முடிவெடுக்கிற அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். வளையல் போட்டு முடித்து, சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் போதும். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு வைக்கும் வீடாக இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள்.

ஜீப்பில் வேறு பேச்சு. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு காய் எடுப்பவர்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று இப்படியும் வரலாம். அவர்களிடம் "தண்ணீர் குடி" என்று மட்டும் சொல்வது வீண். கங்காணியிடம் போய் மறைவான ஒரு கழிப்பிடம் கேளுங்கள்.

5. எல்லைச் சிக்கல்

தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் தாள்களும் எப்போதும் கூடவே இருக்கட்டும், மலைக்குப் போனாலும், தாய்வீட்டுக்குப் போனாலும். எல்லையோரத்தில் போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் 108 அழைப்பு அந்தப் பக்கம் போகலாம். எடுத்தவுடன் எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லப் பழக்குங்கள்.

6. பிறந்துவிட்டால்

குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை, பிறந்த உடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அப்பாவும் பாட்டியும்கூடச் செய்யலாம். ஆனால் மணிக்கணக்கில் செய்ய வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வருவதை விட்டுவிட்டு, சோறாக்கிக் கொடுக்கட்டும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பட்டும்.

7. நவம்பர் 17

இந்த நாளின் நிறம் ஊதா. அங்கன்வாடி வாசலில் கொடி கட்டி ஒன்பது குழந்தைக் காலுறைகளும், நடுவில் பொடியாக ஓர் ஊதாக் காலுறையும் தொங்கவிடுங்கள். பத்தில் ஒன்று என்பது பார்த்தாலே புரியும். குறைமாசக் குழந்தையின் போட்டோவை மட்டும் அம்மாவைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.