ஒரு சென்டிமீட்டரில் தேர்ச்சியும் தோல்வியும்: விழி ஏற்பமைவுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

12 வயதுப் பிள்ளையின் கண்ணை நோக்கிச் சிறிய எழுத்து அட்டையை மெல்ல நகர்த்துகிறோம். 8 செ.மீ.யில் எழுத்து மங்கினால் ஏற்பமைவுத் திறன், அதாவது அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கண் தன் குவியத்தை மாற்றும் திறன், 12.5 டயாப்டர் (குவிக்கும் சக்தியின் அலகு). 9 செ.மீ.யில் மங்கினால் 11.1. (100-ஐத் தூரத்தால் வகுத்தால் போதும்.) ஹாஃப்ஸ்டெட்டர் சூத்திரப்படி, 15-இலிருந்து வயதில் கால் பங்கைக் கழித்தால் வருவது குறைந்தபட்ச அளவு; இந்தப் பிள்ளைக்கு அது 12. ஆக, முதல் அளவில் கண் நன்றாக இருக்கிறது, இரண்டாவதில் குறைபாடு! நடுவில் இருப்பது ஒரே ஒரு சென்டிமீட்டர். பிள்ளை வாயைத் திறக்க ஒரு நொடி தாமதித்தாலே அட்டை அதைக் கடந்துவிடும்.

இதே ஒரு சென்டிமீட்டர் 40 செ.மீ. தூரத்தில் ஒன்றும் செய்யாது, 2.5 என்பது 2.44 ஆகும், அவ்வளவுதான். அதனால்தான் சிறுவர்களை ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடிவு சொல்வதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். மூன்று முறையாவது அளக்க வேண்டும். அட்டையை மங்கும்வரை கொண்டுபோவதோடு, மிக அருகிலிருந்து தெளியும்வரை பின்னால் இழுத்தும் பார்த்துச் சராசரி எடுப்பது இன்னும் நல்லது. அப்புறம், "மங்குதா?" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. ஒரு பிள்ளை லேசாகக் கலங்கியதுமே தலையாட்டும், இன்னொன்று எழுத்தே தெரியாமல் போகும்வரை பேசாமல் இருக்கும். "முயற்சி செய்தும் தெளியவில்லை என்றால் சொல்லு" என்று முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். தூரத்தைக் கண்ணிலிருந்து அளக்கிறோமா, கண்ணாடியிலிருந்தா என்பதும் முக்கியம். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. மேலே பார்த்த அதே சிக்கல்தான்.

அடுத்த தவறு, வெவ்வேறு முறைகளில் எடுத்த எண்களை ஒப்பிடுவது. அட்டையை நெருக்கும்போது எழுத்தும் பெரிதாகத் தெரிவதால் மங்கலைத் தாமதமாகவே உணர்வோம். அளவு கூடுதலாக வரும். 40 செ.மீ.யில் அட்டையை வைத்து மைனஸ் லென்ஸ்களைக் கூட்டிக்கொண்டே போகும் முறையில் எழுத்து சிறிதாகிக்கொண்டே போகும். அளவு குறைவாக வரும். (அதில் தூரத்துக்கான 2.5 டயாப்டரைச் சேர்க்க மறப்பவர்களும் உண்டு.) போன வருடம் ஒரு முறையிலும் இந்த வருடம் இன்னொரு முறையிலும் அளந்துவிட்டு, "திறன் குறைந்துவிட்டது" என்று பெற்றோரைப் பயமுறுத்தினால் என்ன சொல்வது?

தூரப் பார்வைக்கான கண்ணாடி இல்லாமல் அளப்பதும் ஏமாற்றும். மைனஸ் 2 கிட்டப்பார்வை உள்ளவர் வெறும் கண்ணால் 10 செ.மீ. வரை தெளிவாகப் பார்த்தால் கணக்கில் 10 வரும். உண்மையில் அவர் கண் செய்த வேலை 8 டயாப்டர்தான். தூரப்பார்வை உள்ளவருக்கு இதற்கு நேர்மாறு.

வெள்ளெழுத்து முற்றிய வயதிலும் அட்டைச் சோதனை ஒரு டயாப்டர் போலக் காட்டும். விழிலென்ஸ் வடிவம் மாறி வந்ததல்ல அது. கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கருந்துளை) சுருங்கியிருப்பதால் குவியம் சற்று விலகினாலும் படம் தெளிவாகத் தெரிகிறது. அறை வெளிச்சம் கூடினால் இந்தப் பொய்யும் கூடும். உண்மையை அறிய, நோயாளியின் பதிலை நம்பாத ரெட்டினோஸ்கோப் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் பார்ப்பது) போன்ற கருவி வேண்டும். அதிலும் லென்ஸைக் கண் முன் ஒரு கணத்துக்கு மேல் வைத்தால், நாம் அளக்க வந்த ஏற்பமைவே மாறிவிடும். அருகில் பார்க்கும்போது கண் தேவையைவிடக் கால் முதல் முக்கால் டயாப்டர்வரை குறைவாகக் குவித்துப் பின்தங்குவது இயல்பு. அதை நோய் என்று எழுதிவிட வேண்டாம்.

பிளஸ் 2, மைனஸ் 2 லென்ஸ்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஃபிளிப்பர் சோதனையை இரு கண்களுக்கும் சேர்த்து மட்டும் செய்தால், தடுமாறுவது குவியமா, கண்கள் ஒருங்கே திரும்பும் திறனா என்று பிரிக்க முடியாது. ஒரு கண்ணை மூடியும் செய்து பார்க்க வேண்டும். முதல் சில திருப்பல்கள் மெதுவாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்; பிள்ளைக்கு ஆட்டம் பிடிபடச் சற்று நேரம் ஆகும்.