வெள்ளியங்கிரி ஏறப் போறீங்களா? தண்ணிக் கணக்கு இதுதான்

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அடிவாரமான பூண்டியில் கிளம்பும்போது தெரியாது, முதல் மலைப் படிக்கட்டிலேயே தோள்பட்டை சொல்லிவிடும். அதற்காகக் குறைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

மேடு ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். ஏற 5 மணி நேரம் என்றால் இரண்டரை லிட்டர். இறங்க இன்னும் ஒன்றரை, இரண்டு. மொத்தத்தையும் சுமக்க வேண்டாம். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை இருக்கின்றன. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் சுனையை மட்டும் நம்பி ஏறுவது ஆபத்து. ஒழுக்கு நூலாக மெலிந்திருக்கும், முன்னால் பெரிய வரிசை நிற்கும். கீழே இறங்கி வருபவர்களிடம் "சுனையில தண்ணி வருதாங்ணா?" என்று கேட்டுவிடுங்கள், அதைவிட நல்ல தகவல் கிடைக்காது. சுனைத் தண்ணியில் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடிப்பது வயிற்றுக்கு நல்லது.

பெரிய கேன் ஒன்றுக்குப் பதில் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்களாக எடுங்கள். ஒன்று காலியானால் எவ்வளவு தீர்ந்தது என்று இருட்டிலும் தெரியும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்கு. ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள். வெறும் தண்ணியையே குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது.

இறங்குவதற்கான ஒரு லிட்டரை மட்டும் உச்சியான ஏழாவது மலையில் தொடவே தொடாதீர்கள். வெயில் ஏறியபின் இறங்கும்போதுதான் பலருக்குத் தலை சுற்றுகிறது.