பத்து பவுண்டுப் பூவா, ஐம்பது பவுண்டுப் பூவா? லண்டனில் முதன்முறை பூங்கொத்து வாங்குபவர்களுக்கு

ஊரில் பூ என்றால் முழக்கணக்கு. சரமாக வாங்கினோம், தலையில் வைத்தோம், மறுநாள் காலையில் வாடியதை எடுத்துப் போட்டோம். இங்கே பூ காம்போடு வருகிறது. ஒரு வாரமாவது ஜாடியில் நிற்க வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பூ வாளிக்கும் தெருமுனைப் பூக்கடைக்கும் நடுவே நம்மவர்கள் இத்தனை தடுமாறுகிறார்கள்.

படி 1: பூ எங்கே போகிறது?

விலையைப் பிறகு பார்க்கலாம். நண்பர் வீட்டு விருந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி, உங்கள் வீட்டு மேசை என்றால் சூப்பர்மார்க்கெட்டே போதும். நீங்கள் நேரில் போகாமல் வேறு ஊருக்கு அனுப்புவதானால் பூக்கடைதான். இறுதிச் சடங்குக்கும் யோசிக்கவே வேண்டாம். இங்கே சவப்பெட்டியின் மேல் வளையமாகவும், ‘மம்’, ‘டாட்’ என்று ஆங்கில எழுத்துகளின் வடிவிலும் பூ வைக்கிறார்கள். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. மருத்துவமனைக்கு என்றால் முதலில் வார்டுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். பல வார்டுகளில் பூவை உள்ளே விடுவதில்லை.

படி 2: கூடுதல் பணம் எதற்கு?

இரண்டு கடை ரோஜாக்களும் பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்களிலிருந்து வருபவைதான். கென்யாவில் நைவாஷா ஏரியைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பூத்ததாக இருக்கலாம். நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் சந்தை வழியாக வந்ததாக இருக்கலாம். நீண்ட பயணத்தைத் தாங்கவும் ஜாடியில் பல நாள் நிற்கவும் வளர்த்தெடுத்த ரகங்கள் என்பதால், மூக்கருகே கொண்டுபோனால் இரண்டிலும் மணம் குறைவுதான். (கையில் எடுத்ததும் முகர்ந்து பார்க்கும் நமக்கு இது பெரிய ஏமாற்றம்.) பூக்கடையில் நீங்கள் கொடுக்கும் பணம் கைவேலைக்கு. வந்த பூவின் கீழ் இலைகளைக் கழித்து, நுனியை மறுபடி வெட்டி, பல மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி, தேறாததைத் தள்ளிவிட்டுத்தான் கட்டத் தொடங்குவார்கள். அந்த வேலையை நீங்களே செய்யத் தயார் என்றால் பாதிப் பணம் மிச்சம்.

படி 3: வாளியில் தேர்ந்தெடுப்பது

கலவைப் பூங்கொத்தை நான் எடுப்பதில்லை. ஒன்று இன்று மலரும், ஒன்று நாளை உதிரும், நடுவே எதற்கென்று தெரியாமல் சாயமேற்றிய சாமந்தி ஒன்று நிற்கும். ஒரே வகைப் பூவாக இரண்டு கட்டும், யூகலிப்டஸ் இலை ஒரு கட்டும் வாங்குங்கள்.

ரோஜாவின் அடிப்பகுதியை, இதழ்கள் காம்போடு சேரும் இடத்தில், இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதிது. மெத்தென்று அமுங்கினால் வைத்துவிடுங்கள். கட்டைத் தூக்கித் தண்ணீருக்குள் இருந்த காம்பைத் தொடுங்கள். வழவழப்பும் நாற்றமும் இருந்தால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். லில்லியில் மொட்டுகள் நிறம் காட்டியிருக்க வேண்டும், விரிந்திருக்கக் கூடாது. கார்னேஷன், அல்ஸ்ட்ரோமேரியா, சாமந்தி மூன்றும் இரண்டு வாரம்கூட நிற்கும்; புதியவர்கள் இவற்றில் தொடங்குவது நல்லது. டாஃபடில் வாங்கினால் தனி ஜாடியில் வையுங்கள். அதன் சாறு மற்றப் பூக்களை வாட்டிவிடும்.

படி 4: கட்டுவது

கண்ணாடிக் காகிதத்தையும், முக்கியமாக விலைச்சீட்டையும் எடுத்துவிடுங்கள். காம்பின் கீழ்ப்பாதி இலைகளை உருவிவிடுங்கள். முதல் பூவை இடது கையில் நேராகப் பிடியுங்கள். அடுத்ததை அதன் மேல் சற்றுச் சாய்த்து வையுங்கள். மூன்றாவதும் அதே பக்கம் சாய வேண்டும். இரண்டு மூன்று காம்புக்கு ஒருமுறை கொத்தைக் கைக்குள்ளேயே கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள்; இடையிடையே இலையைச் செருகுங்கள். சரம் தொடுத்துப் பழகிய கைக்கு இது ஐந்து நிமிட வேலை. எனக்கு முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எல்லாக் காம்புகளும் பிடி இருக்கும் இடத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். அங்கேயே சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அடியை ஒரே அளவாக வெட்டுங்கள். சரியாக வந்திருந்தால் மேசையில் வைத்ததும் கொத்து தானே நிற்கும். விழுந்தால் ஏதோ ஒரு காம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

படி 5: பூக்கடையில் பேசுவது

கையில் இருக்கும் தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘முப்பத்தைந்து பவுண்டு, அறுபது வயதுப் பெண்மணிக்கு, மஞ்சள் பிடிக்கும்’ என்றால் அவர்களுக்கு வேலை எளிது. பருவத்துப் பூவைப் போடச் சொல்லுங்கள். காதலர் தினத்தை ஒட்டிய வாரத்தில் சிவப்பு ரோஜா கேட்காதீர்கள், விலை ஏறியிருக்கும். பூ செருகும் பச்சை நுரைக்கட்டி இல்லாமல் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். அது மக்காத பிளாஸ்டிக். ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடை செய்திருக்கிறது.

பெறுபவர் வீட்டில் பூனை இருந்தால் லில்லி கூடவே கூடாது. மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

நுனியைச் சாய்வாக வெட்டி ஜாடியில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிரச் செய்யும், கார்னேஷனை இன்னும் வேகமாக.

லில்லி விரிந்ததும் நடுவில் ஆடும் மகரந்தப் பைகளைக் காகிதத்தால் பிடித்துக் கிள்ளிவிடுங்கள். துணியில் பட்டுவிட்டால் தண்ணீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ஒட்டும் டேப்பை வைத்து ஒற்றி எடுங்கள். ஒரு நண்பரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் கொண்டுபோன லில்லி, படம் எடுக்க அணைத்துப் பிடித்த அக்காவின் சந்தன நிறப் பட்டுச்சேலையில் கொட்டியது. பதறிப்போய் ஈரத்துணியால் தேய்த்தது நான்தான். அந்தக் காவிக் கறை முந்தானையில் இன்னும் இருக்கிறது.